ஐந்து வாரம் தள்ளி வந்த ஈஸ்டர்

அக்கா சௌதிக்குப் போன மறு வருஷம், ஈஸ்டர் கழிந்து சில வாரங்களில், லீவில் ஊருக்கு வந்த ஒரு நர்ஸ் கையில் காசெட் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வளைகுடாவில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்புவது அப்போது வழக்கம். வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது, அத்தான் வாங்கியது. அத்தான்தான் இல்லை. அவர்கள் குழந்தைக்கு மூன்று வயதாகும்போது நெய்யாற்றின்கரைக்கு அப்பால் ஒரு பஸ் விபத்தில் இறந்துபோனார். அடுத்த வருஷமே அக்கா, முன்பு படித்து வைத்திருந்த நர்சிங் உதவியாளர் படிப்பை நம்பி, சௌதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மகளைத் தங்கையான என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் பிறந்து, பிழைப்புக்குத் திருவனந்தபுரம் வந்தவர்கள். இருவரும் இறந்துபோன பிறகு, தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஏறிப்போகும் ஒரு சந்தில் எங்களுக்கு இரண்டு அறை வாடகை வீடு மிஞ்சியது. பகலில் நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருவேன். பள்ளி விட்டதும் குழந்தை நேராக லாட்ஜுக்கு வந்துவிடுவாள். சாவிகள் மாட்டும் பலகைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். லாட்ஜில் தங்க வந்தவர்கள் அவளை என் மகள் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

காசெட்டை அன்று சாயங்காலம் போட்டோம். அக்காவின் குரல் ரகசியம் சொல்வதுபோல் இருந்தது.

"மக்ளே, அம்மா பேசுகேன், கேட்டியா. எங்களுக்கு நேத்தைக்கு ஈஸ்டர் கழிஞ்சு. இங்க அதைச் சத்தமா சொல்லப்பிடாது, அதான் மெதுவாப் பேசுகேன். குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம்ல பத்துப் பேரு கூடினோம். ஜன்னலுக்கு ரெண்டு போர்வை. கதவுக்குக் கீழ ஈரத் துண்டைச் சுருட்டி வச்சோம். பாட்டு உண்டு, ஆனா சத்தம் கிடையாது. உதட்டை மட்டும் அசைக்கணும். குப்பூஸ் ரொட்டியைப் பிய்ச்சு, திராட்சைச் சாறுல தொட்டு, அதுதான் திருவிருந்து."

ஜெபம் முடிந்த பிறகு அந்த அறையில் ஒவ்வொருத்தியும் தன் நாட்டில் ஈஸ்டர் எப்படி என்று சொல்லியிருக்கிறாள். பிலிப்பைன்ஸ்காரி சொன்னாளாம்: விடிவதற்கு முன் இரண்டு தெருவிலிருந்து இரண்டு ஊர்வலம் புறப்படும். ஒன்றில் கறுப்புத் துணியால் முகம் மூடிய தாயின் சிலை, மற்றதில் உயிர்த்தெழுந்த மகனின் சிலை. கோயில் முன்னால் இரண்டும் சந்திக்கும்போது, தேவதூதன் வேஷம் போட்ட ஒரு சின்னப் பெண் அந்தக் கறுப்புத் துணியை எடுப்பாள். மணி அடிக்கும்போது பிள்ளைகள் எல்லாம் துள்ளிக் குதிக்கும். குதித்தால் உயரம் வைக்கும் என்று நம்பிக்கை. போலந்திலிருந்து வந்த மூத்த நர்ஸ், தங்கள் ஊரில் ஈஸ்டருக்கு மறுநாள் பையன்கள் வாளி வாளியாகத் தண்ணீரைப் பெண்கள்மேல் ஊற்றுவார்கள் என்று சொல்லிச் சிரித்தாளாம். அறையைச் சுத்தம் செய்யும் எத்தியோப்பியப் பெண் ரொட்டியைத் தொடவே இல்லை. அவர்களுக்கு இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாத நோன்பு ஐம்பது நாளுக்கு மேல். அவர்கள் ஈஸ்டர் இன்னும் வரவில்லை.

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு நாளு, பாத்துக்க," என்றாள் அக்கா. பிறகு, "யாரோ வாறாங்க," என்றாள். காசெட் அங்கே நின்றது. வந்தது யார், பிறகு என்ன ஆயிற்று என்று நான் பின்னால் பலமுறை கேட்டும் அவள் சொன்னதில்லை.

குழந்தை அந்த வாரம் முழுவதும் பெஞ்சிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். அம்மா வரும்போது ஜன்னலின் மேல்கம்பி எட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு.

அக்கா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவாள். வந்த முதல் வாரம் குழந்தை அவளிடம் போகாது. இரண்டாவது வாரம் பக்கத்தில் உட்காரும். நாலாவது வாரம் மடியை விட்டு இறங்காது. அப்போது அக்காவுக்கு டிக்கெட் வந்துவிடும். விமான நிலையத்திலிருந்து குழந்தையோடு ஆட்டோவில் திரும்புவேன். இறங்கும்போது அவள் தன் கையில் இருக்கும் பொம்மையையோ சாக்லேட் டப்பாவையோ சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குவாள். நான் எடுத்துக்கொண்டு வருவேன்.

இடைப்பட்ட மாதங்களில் போன் பக்கத்து வீட்டுக்கு வரும். அந்த வீட்டில் கோட்டயம் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவரின் விதவை தனியாக இருந்தார். நாங்கள் சேச்சி என்று கூப்பிடுவோம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அவர்கள் பேசுவதற்காக வைத்த போனில் எங்களுக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார். மதில்மேல் கையை வைத்து, "மோளே, போன். வேகம் வா," என்பார். நாங்கள் பேசும்போது எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார். பேசி முடித்துக் கும்பிட்டால், "அதொண்ணும் வேண்டா," என்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

சௌதி ஒப்பந்தம் முடிந்து அக்கா திரும்பியபோது குழந்தைக்குப் பதினோரு வயது. இனி எங்கும் போகமாட்டேன் என்றாள். ஒரு தனியார் நர்சிங் ஹோமில் இரவு வேலைக்குச் சேர்ந்தாள். எட்டு மாதம் தாங்கவில்லை. சௌதியில் வாங்கியதில் கால்பங்குகூட இங்கே கிடையாது, வாடகை ஏறியது, குழந்தையை நல்ல பள்ளியில் போட்டிருந்தோம். ஒரு ஏஜெண்ட் மூலம் சைப்ரஸ் போக வழி வந்தது. அங்கே ஒரு கிராமத்தில் நடமாட முடியாத ஒரு கிழவியை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள் குழந்தை, "அம்மா போகண்டா," என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "ரெண்டு வருஷம், மக்ளே," என்றாள்.

ரெண்டு நாலாயிற்று. பிறகு ஐந்தாவதும் தொடங்கியது.

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டிலும் போன் வந்துவிட்டது. அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் ஓய்வு. அப்போது பேசுவாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள். கிழவியைப் பற்றியும் அந்த ஊரைப் பற்றியும்தான் பேச்சு. ஈஸ்டர் அவளுக்குப் பெரிய விஷயமாகியிருந்தது. கதவுக்குக் கீழே துண்டு வைக்காமல் கொண்டாடக் கிடைத்த சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

"இங்க பெரிய வெள்ளிக்கு மைசூர்ப் பருப்பு மாதிரி ஒண்ணை வேக வச்சு அதுல வினிகர் ஊத்திக் குடிக்குதாங்க. சிலுவையில அவருக்குக் காடி குடுத்தாங்கல்லா, அதை நினைச்சு. வியாழக்கிழமை முட்டையெல்லாம் ரத்தச் சிவப்பாச் சாயம் போடணும். ஈஸ்டர் அன்னைக்கு ஒருத்தர் முட்டையோட ஒருத்தர் முட்டையை மோதணும். யாரு முட்டை உடையலையோ அவங்களுக்கு அந்த வருஷம் நல்லது. கிழவி கள்ளி. கெட்டி முட்டையா முன்னமே பொறுக்கித் தலையணைக்கு அடியில வச்சிருவா. கோயில் முற்றத்துல பெரிய தீ போட்டு யூதாசு பொம்மையை எரிக்கும் பாரு, நம்ம ஊருல சூரனை எரிச்சாப்ல. பிறகு எல்லாரும் மெழுகுவர்த்தி கொளுத்தி, அணையாம வீட்டுக்குக் கொண்டு வரணும். அந்தப் புகையால நிலைப்படியில சிலுவை போடணும். கிழவிக்கு எழும்ப முடியாதுல்லா, நான்தான் போட்டேன்."

அந்த நாட்டுச் சபையின் கணக்கு வேறு. அவர்கள் ஈஸ்டர் சில வருஷம் நம்முடைய நாளிலேயே வரும், சில வருஷம் ஒரு வாரம் தள்ளி, சில வருஷம் ஐந்து வாரம் தள்ளி வரும். ஆகவே நாங்கள் ஆப்பமும் ஆட்டிறைச்சி ஸ்டூவும் தின்று முடித்து மாதம் ஒன்றான பிறகு அக்கா போன் செய்து, "இன்னைக்குத்தான் இங்க ஈஸ்டர்," என்பாள்.

இதையெல்லாம் ரசித்துக் கேட்டது நான் மட்டும்தான். குழந்தை வளர்ந்துவிட்டிருந்தாள். வீட்டிலும் பாதி மலையாளம்தான் பேசுவாள். ஒருநாள் ரிசீவரை என்னிடம் நீட்டி, கையால் பொத்தாமலேயே, "முட்டைக்குச் சாயம் போட அவங்களுக்குச் சமயம் உண்டு. இங்கோட்டு வரத்தான் சமயம் இல்ல," என்றாள். அக்காவுக்குக் கேட்டிருக்கும். நான் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். பிறகு, "பரீட்சை எப்போ அவளுக்கு?" என்று கேட்டாள்.

குழந்தை பத்தாம் வகுப்பில் இருந்த வருஷம், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, அக்கா வருகிறேன் என்றாள். லீவா என்றேன். "இல்லடி, முடிச்சுட்டு வாறேன்," என்றாள்.

விமான நிலையத்தில் கம்பித் தடுப்புக்கு அப்பால் அவள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் லாட்ஜில் அறை எடுப்பவர்களில் பாதிப்பேர் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கங்களிலிருந்து புற்றுநோய் வைத்தியத்துக்கு வருகிறவர்கள். கழுத்தெலும்புக்குக் கீழே துணி தொங்கும் விதம், எதையும் ஒரு பக்கக் கையாலேயே எடுக்கும் விதம், ரிசப்ஷனில் நிற்கும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் விதம், எல்லாம் வருஷக்கணக்காக நான் பார்த்தது. அக்கா இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. "அம்மா மெலிஞ்சு போச்சு," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மார்பில் தொடங்கி எலும்புக்கும் ஈரலுக்கும் போயிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இவ்வளவு தாமதமாக வந்ததற்குக் கோபப்படவில்லை. அவர்களுக்கும் பழகியிருக்கும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அக்காவிடம் கேட்டேன். "எப்போ தெரிஞ்சுது?"

"போன ஈஸ்டருக்கு முன்னாடி. குளிக்கும்போது."

"பிறகு?"

"அந்த வருஷம் அவங்க ஈஸ்டரும் நம்ம ஈஸ்டரும் ஒரே நாளு. லண்டன்லேர்ந்து கிழவியோட பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் வந்து வீடு நிறைஞ்சு கிடந்து. ஈஸ்டர் கழியட்டும்ணு நினைச்சேன். பிறகு கிழவி விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சு. அவளை யாருட்ட விட்டுட்டுப் போவேன். நோயிண்ணு தெரிஞ்சா மறுநாளே விசாவை ரத்து பண்ணி அனுப்பிருவாங்க. இவளுக்கு இந்த வருஷம் பத்தாம் கிளாசு. அது வரைக்குமாவது நிக்கணும்ணு..."

அவள் வருஷக்கணக்காக ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். அந்தக் கட்டி என்னவென்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். 

கீமோ இரண்டு முறை கொடுத்தார்கள். பிறகு நிறுத்தினார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் தொடங்கியபோது அவள் படுக்கையை விட்டு எழுவது நின்றிருந்தது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அதன் அளவைக் கூட்டிக்கொண்டே போனாள். குழந்தைக்கு மார்ச் மாதப் பரீட்சை. உள்ளறையில் அம்மா கிடக்க, முன்னறையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பாள். அம்மாவிடம் போய் உட்காரச் சொன்னால், "படிக்கான் உண்டு," என்பாள். ஆனால் அக்கா தண்ணீர் என்று முனகினால் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவாள்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த பிறகு அக்காவுக்குப் பேச்சு தடுமாறத் தொடங்கியது. ஒரு மத்தியானம் அவள் வேறு பாஷையில் பேசுவதைக் கேட்டேன். கிரேக்கம். மெதுவாக, சமாதானப்படுத்துவதுபோல் பேசினாள். கைகள் போர்வையின்மேல் யாரையோ புரட்டிப் படுக்கவைப்பதுபோல் அசைந்தன. குழந்தை வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"அம்மா ஆருகிட்டே பேசுது?"

"அந்தக் கிழவிகிட்டே."

"எந்தா பறயுது?"

எனக்குத் தெரியாது என்றேன். அவள் உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அக்கா அவளை நிமிர்ந்து பார்த்து, "கோரி மூ," என்றாள். கிழவி தன்னை அப்படித்தான் கூப்பிடுவாள், மகளே என்று அர்த்தம் என்று அக்கா ஒருமுறை போனில் சொல்லியிருந்தாள். அதை நான் குழந்தையிடம் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். பரீட்சை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனைக்கு நான் போகவில்லை. கோயிலிலிருந்து, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் பிரசங்கம் ஒலிபெருக்கியில் மங்கலாகக் கேட்டது. அக்கா கண்ணை மூடியிருந்தாள். சனிக்கிழமை விடியும்போது அவள் மூச்சு நீண்ட இடைவெளி விட்டு விட்டு வந்தது. நான் குழந்தையை எழுப்பினேன். அவள் வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். ஏன் கையைப் பிடிக்காமல் காலைப் பிடித்தாள் என்று தெரியவில்லை. பால்காரன் வாசலில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போன சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மூச்சு வரவில்லை.

போதகர் எட்டு மணிக்கு வந்தார். நல்ல மனுஷர். ஜெபம் செய்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஈஸ்டர். நாளைக்கு அடக்கம் வைக்க முடியாது. திங்கக்கிழமை வரைக்கும்ணா மார்ச்சுவரியில வைக்கணும். இல்லேண்ணா இன்னைக்குச் சாயங்காலமே முடிக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் குழந்தையைப் பார்த்தேன். "ஐஸ் பெட்டியில வேண்டா," என்றாள்.

பாறசாலைக்கு அப்பாலிருந்து சொந்தக்காரர்கள் மதியத்துக்குள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். நாலு மணிக்குக் கோயிலுக்குள் பெட்டியைக் கொண்டுபோனபோது, உள்ளே மறுநாளுக்கு வேண்டிய அலங்காரம் முடியும் நிலையில் இருந்தது. பீடத்தைச் சுற்றி வெள்ளைப் பூக்கள். தூண்களுக்கு வெள்ளைத் துணி. மேலே "அவர் உயிர்த்தெழுந்தார்" என்று தங்கக் காகித எழுத்துகள், கடைசி எழுத்தை ஒட்டிக்கொண்டிருந்த பையன்கள் ஏணியை விட்டு இறங்கி ஓரமாக நின்றார்கள். யாரோ பெரியவர், அந்த எழுத்தை ஒரு துணியால் மறைக்கலாமா என்று கேட்டார். போதகர் வேண்டாம் என்றார். பாடகர் குழு அன்று ஈஸ்டர் பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்தது. அவர்களே அடக்கப் பாட்டையும் பாடினார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிக்கும்போது வேனல் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் மரத்தடிக்கும் சுவரோரத்துக்கும் ஓடினார்கள். மலர்வளையத்தின் சாயம் கரைந்து மண்ணில் ஊதாவாக ஓடியது.

எங்கள் சபையில் ஈஸ்டர் அதிகாலை ஆராதனை முடிந்ததும் மெழுகுவர்த்திகளோடு பாடிக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்குப் போவது வழக்கம். அவரவர் குடும்பத்துக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பார்கள். முந்தின வாரமே வெள்ளையடித்து, புல் செதுக்கி வைத்திருப்பார்கள். அன்று போக வேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன். குழந்தைதான் இருட்டோடு எழுந்து, தலை வாரி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். ஈஸ்டருக்கு வாங்கிய புதுத் துணிகள். கைகுலுக்கி ஒருவருக்கொருவர் "உயிர்த்தெழுந்தார்" என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு பெண் சிரித்த முகத்தோடு என்னை நோக்கிக் கையை நீட்டிவிட்டு, யார் என்று தெரிந்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்காவின் மேட்டில் மழை இரண்டு இடத்தில் குழி பறித்திருந்தது. சேற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழந்தை நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்தாள். பிறகு கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். மெழுகு விரலில் வழிந்தது, உதறவில்லை. போதகர் தோட்டத்தின் நடுவில் நின்று வேதபாகம் வாசித்தார். அவர் இங்கே இல்லை, கல்லறை காலியாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார். வருஷா வருஷம் பேசுவதுதான்.

குழந்தை என் காதருகே, "சித்தி, இது காலி இல்லல்லோ," என்றாள்.

அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.  விசுவாசம் உள்ளவள்தான் நான். ஆனாலும் அந்த நிமிஷத்தில் நானும் அந்த மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் வந்தது. நான் லாட்ஜுக்குப் போனேன். குழந்தைக்கு விடுமுறை. அவள் உள்ளறைக் கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். சைப்ரஸ் வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லவேண்டும் என்று எனக்கு நினைவு இருந்தது. கிழவியின் மகள் ஜனவரியில் ஒருமுறை கூப்பிட்டு, உடம்பு எப்படி என்று அக்காவிடம் பேசியிருந்தாள். ஆனால் அந்த நம்பரைத் தேடியெடுத்துச் சுழற்ற மனசு வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடித்தது. குழந்தைதான் எடுத்தாள். எதிர்முனையில் பாட்டும் கூச்சலும். பத்தடி தள்ளி இருந்த எனக்கே கேட்டது. ஒரு பெண் உடைந்த ஆங்கிலத்தில் சத்தமாகப் பேசினாள். குழந்தை என்னைப் பார்த்து, "அம்மாவோட வீட்டிலேர்ந்து," என்றாள். அவள் சொன்னது சைப்ரஸ் வீட்டை. "அவங்களுக்கு இன்னைக்காணு ஈஸ்டர்."

நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"அம்மாகிட்டே கொடுக்கச் சொல்லுது," என்றாள். அதற்குள் மறுமுனையில் குரல் மாறியது. கிழவியை நாற்காலியோடு போன் பக்கத்தில் கொண்டுவந்திருப்பார்கள் போலும். கனத்த, பல்லில்லாத குரல். கிரேக்கத்தில் நிற்காமல் பேசியது. நடுநடுவே "கோரி மூ, கோரி மூ" என்று கேட்டது. போனில் இருப்பது அக்கா என்று நினைத்துவிட்டாள். குழந்தைக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் இடையில் வெட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "எஸ்," என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும், "எஸ்." கிழவி எதற்கோ சிரித்தாள். குழந்தையின் உதடும் லேசாக அசைந்தது.

மகள் திரும்ப வந்து ஏதோ கேட்டாள். அப்போதுதான் குழந்தை ஆங்கிலத்தில், பள்ளியில் ஒப்பிக்கும் குரலில், அம்மா இறந்துவிட்டாள், எங்கள் ஈஸ்டருக்கு முந்தின நாள், என்று சொன்னாள்.

அந்தப் பக்கத்துப் பாட்டு நின்றது. யாரோ போய் அணைத்திருக்க வேண்டும். நாற்காலிகள் இழுபடும் சத்தம். மகள் கிரேக்கத்தில் தாயிடம் சொல்வது கேட்டது. பிறகு அந்தக் கிழவி போட்ட ஓலம். எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் நான் கேட்டு வளர்ந்த அதே ஒப்பாரிதான், பாஷை மட்டும் வேறு. குழந்தை ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழுகை ஓய்ந்து, மறுமுனையில் போனை வைக்கும்வரை நின்றுகொண்டே கேட்டாள்.

வைத்த பிறகு தரையில் உட்கார்ந்தாள். "அவங்களுக்கு அம்மாவை நல்லா அறியும், சித்தி," என்றாள். அப்புறம்தான் அழுதாள். அம்மா இறந்து அதுவரை அவள் அழுது நான் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் வரை அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சோறு பொங்கவில்லை.

அடுத்த வருஷம் பெரிய வியாழன் அன்று பக்கத்து வீட்டுச் சேச்சி மதிலருகே வந்து கூப்பிடாமல், எங்கள் வாசலுக்கே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அக்கா இறந்த நாளில் மட்டும்தான். கையில் துணி மூடிய பாத்திரம். அவர்கள் ஆட்களின் வழக்கம் எனக்குத் தெரியும். அன்று பெசஹா என்று, இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து, புளிக்காத மாவில் அப்பம் சுட்டு, நடுவில் குருத்தோலைச் சிலுவை வைத்து, வீட்டில் மூத்தவர் கையால் முறித்து, குடும்பத்துக்குள் மட்டும் சாப்பிடுவார்கள். வெளியாட்களுக்குத் தருவதில்லை. எங்களுக்கும் இதுவரை தந்ததில்லை. நாங்கள் வேறு சபை.

"ஆள் போன வீட்டுல மறு வருஷம் அப்பம் சுடுகில்ல," என்றார் சேச்சி. "அயல்பக்கத்துக்காரர்தான் கொண்டு தரணும். அதாணு மொறை."

எங்கள் வீட்டில் எந்த வருஷமும் அப்பம் சுட்டதில்லை என்று நான் சொல்ல வந்தேன்.  அவருக்கும் அது தெரியும்.

"மூத்தவர் முறிக்கணும்," என்றார்.

எங்கள் வீட்டில் இப்போது மூத்தவள் நான். கையைக் கழுவிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்து முறித்தேன். கெட்டியான அப்பம், கூடவே வெல்லமும் தேங்காய்ப்பாலும் காய்ச்சிய பால். சேச்சி எனக்குப் புரியாத ஒரு ஜெபத்தை முணுமுணுத்தார். குழந்தை, இனி அவளைக் குழந்தை என்று சொல்லக்கூடாது, நர்சிங் படிக்கப் போகிறேன் என்று அந்த மாதம்தான் சொல்லியிருந்தாள், நான் கூடாது என்று சொல்லி இருவரும் பேசாமல் இருந்தோம். அவள் தன் துண்டை வாங்கிப் பாலில் முக்கிச் சாப்பிட்டாள். பிறகு எழுந்துபோய்ச் சேச்சிக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

சேச்சி உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் அப்பம் தீரும்வரை சேர்ந்து சாப்பிட்டோம்.